முன்பணம் கட்டுமுன் உங்கள் மகள் கடல் வரைபடத்தில் வைத்த புள்ளிகளைப் பாருங்கள்

ஐயா,

பரமக்குடியிலிருந்து குடும்பத்தோடு வந்து நீங்கள் கேட்டது இதுதான். மகள் பிளஸ் டூவில் இயற்பியலிலும் கணிதத்திலும் நன்றாக வாங்கியிருக்கிறாள். கடலைப் பற்றிப் படிக்க வேண்டும் என்கிறாள். பெங்களூரில் இருக்கும் உங்கள் மைத்துனரோ ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் பேசிவைத்துவிட்டார். இந்த மாதமே முன்பணம் கட்ட வேண்டும். உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. அதற்காக இதமாக ஒன்றைச் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.

மனைவியின் நகை அடகுக்குப் போகும், மீதிக்குக் கல்விக் கடன் என்றீர்கள். பிள்ளை கேட்காத படிப்புக்கு வட்டி கட்டப் போவது நீங்கள்தான், மைத்துனர் அல்ல. கம்ப்யூட்டர் தெரிந்தால்தான் பிழைக்கலாம் என்று அவர் சொல்வதில் பாதி உண்மை. நிரல் எழுதத் தெரியத்தான் வேண்டும். ஆனால் கடல் தரவுகளோடு வேலை செய்பவர்களும் இன்று பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதுகிறார்கள். அதை இவளும் கற்பாள். அதற்கு நகை போக வேண்டியதில்லை.

அரசுக் கல்லூரியில் இளநிலை இயற்பியல், பிறகு முதுநிலையில் பெருங்கடலியல். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், விசாகப்பட்டினத்தின் ஆந்திரப் பல்கலைக்கழகம் இரண்டும் இத்துறையில் பழைய பெயர்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே, அழகப்பா பல்கலைக்கழகத்தில் பெருங்கடலியல், கடலோர ஆய்வுத் துறை இருக்கிறது.

கப்பலைக் கண்ணில் காட்டாமல் கடல் படிப்பா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆராய்ச்சிக் கப்பல் ஒரு நாள் ஓடுவதற்கே பெருஞ்செலவு. எல்லா மாணவரையும் ஏற்ற இடமும் கிடையாது. அதனால்தான் கப்பல் ஏறாமல் வகுப்பிலேயே நடத்தும் பாவனை ஆய்வுப் பயணம் என்ற பயிற்சி முறை எனக்குப் பிடித்திருக்கிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் வில்லியம் புரோதெரோ என்ற பேராசிரியர், அறிமுகப் பெருங்கடலியல் வகுப்பு மாணவர்களையே கணினியில் உண்மைத் தரவுகளைத் தேடி எடுக்க வைத்து, அதிலிருந்து ஆய்வுக்கட்டுரை எழுத வைத்தார். பாவனைப் பயணம் இன்னும் ஒரு படி மேலே போகும். மாணவர்கள் குழுவாகப் பிரிவார்கள். ஒருவர் தலைமை விஞ்ஞானி, ஒருவர் கருவிப் பொறுப்பு, ஒருவர் நேரக் கணக்கு. எங்கே அளப்பது என்று அவர்கள் முடிவு செய்த பிறகுதான் அந்த இடத்தில் முன்பு உண்மையிலேயே எடுக்கப்பட்ட அளவீடு திறந்து காட்டப்படும்.

நீங்கள் தேநீர் குடிக்கப் போயிருந்தபோது உங்கள் மகளுக்கு இப்படி ஒரு கணக்கைக் கொடுத்தேன். சென்னையிலிருந்து 13 பாகை வடக்கில் நேர்கிழக்கே 275 கடல் மைல் போய்த் திரும்ப வேண்டும். கையில் 4 நாள். கப்பலின் வேகம் 10 நாட், அதாவது மணிக்கு 10 கடல் மைல். போக வர 55 மணி நேரம் ஓடிவிடும், மீதி 41. வெப்பம், உப்பு, ஆழம் மூன்றையும் அளக்கும் கருவியை விநாடிக்கு ஒரு மீட்டர் என்று 2,000 மீட்டர் இறக்கி ஏற்றவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீர் மாதிரிக் குப்பிகளை மேலே வரும் வழியில் நிறுத்தி நிறுத்தி மூட வேண்டும். எந்த ஆழத்தில் மூடுவது என்று முன்பே முடிவு செய்யாதவருக்கு வெறும் குப்பிதான் வரும். ஆகக் கப்பல் நின்று அளக்கும் ஒவ்வோர் இடத்துக்கும், அதாவது நிலையத்துக்கு, 2 மணி நேரம். மொத்தம் 20 நிலையங்கள். அவள் வரைபடத்தில் புள்ளி வைத்து முடித்ததும், புயலில் ஒரு நாள் போய்விட்டது என்றேன். மிச்சம் 17 மணி நேரம், 8 நிலையங்கள்.

பெரும்பாலான பிள்ளைகள் எட்டையும் சம இடைவெளியில் பரப்பிவிடுவார்கள். இவள் ஐந்தைக் கரைக்குப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டாள். ஏன் என்று கேட்டேன். மழைக்காலத்துக்குப் பின் கங்கையின் நன்னீர் கரையை ஒட்டித் தெற்கே இறங்கி வருகிறது, மாற்றம் அங்கேதான் அதிகம் என்றாள். பாடப்புத்தகத்தில் இல்லாததைத் தானாகத் தேடிப் படித்திருக்கிறாள். இந்த நாட்டத்தை மாற்றிக் காட்டுவது என் வேலையல்ல, உங்கள் உறவினர் வேலையும் அல்ல.

பாவனைப் பயணத்தில் வாந்தியும் உப்புக் காற்றும் இல்லை. நிஜக் கப்பலுக்கு அது ஈடாகாது. ஆனால் குறைந்த நேரத்தில் எதை விடுவது என்று முடிவெடுக்கும் பழக்கம் கப்பல் ஏறும் முன்பே வந்துவிடும்.

பெண் பிள்ளை கடலுக்குப் போவதா என்று உங்கள் அக்கா கேட்டாராம். 1983-இல் புறப்பட்ட இந்திய அண்டார்க்டிகா பயணத்தில் அதிதி பந்த், சுதீப்தா சென்குப்தா என்ற இரு பெண்கள் இருந்தார்கள். அதிதி பந்த் பெருங்கடலியலாளர். நாற்பது ஆண்டுக்கு முன்பே தீர்ந்த கேள்வி இது.

கடினமானதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம், ஹைதராபாத்தில் கடல் தகவல் சேவை தரும் மத்திய அரசின் இன்காய்ஸ், கோவாவின் தேசியப் பெருங்கடலியல் நிறுவனம் எல்லாவற்றிலும் இடங்கள் குறைவு. முனைவர் பட்டம் வரை போக வேண்டியிருக்கலாம். ஆய்வு உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் தேசிய அளவில் நடக்கும் சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் புவி, வளிமண்டல, பெருங்கடல், கோள் அறிவியல்கள் தனிப் பிரிவாகவே உண்டு. அதில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவி கிடைத்தால் ஆய்வுக் காலத்தில் மாத உதவித்தொகை வரும். கிடைக்காவிட்டால் இயற்பியலும் நிரலும் கைவசம் இருக்கும், கடன் இருக்காது.

இந்த வாரம் அரசுக் கல்லூரி விண்ணப்பத்தைப் போடுங்கள். மகளின் கணினியில் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனம் இலவசமாகத் தரும், கடல் தரவுகளை வரைபடமாகக் காட்டும் ஓஷன் டேட்டா வியூ மென்பொருளை ஏற்றச் சொல்லுங்கள். உலகக் கடல்களில் ஏறக்குறைய 4,000 ஆர்கோ மிதவைகள், அதாவது தாமாகவே மூழ்கி எழும் அளவுக் கருவிகள், பத்து நாளுக்கு ஒரு முறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து அளந்து அனுப்பும் தரவு எவருக்கும் இலவசம். ஆழம் குறைந்த கரையோரத்துக்கு மிதவைகள் பெரும்பாலும் வராது. அங்கே பழைய கப்பல் அளவீடுகளைத் தேட வேண்டும். தன் எட்டுப் புள்ளிகளில் எத்தனைக்குத் தரவு கிடைக்கிறது என்று பார்த்து அவளே எனக்கு எழுதட்டும். மைத்துனரிடம் நான் பேச வேண்டுமென்றால் எண்ணைக் கொடுங்கள், பேசுகிறேன்.