கிராஃபைட்டும் போரானும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

புதிதாக வரப்போகும் அணு உலைகளில் சில, பென்சில் குச்சியில் இருக்கும் அதே கிராஃபைட்டை நம்பியே இருக்கின்றன என்று படித்தேன். வீட்டுக்கு வீடு சோலார் பேனலும் பேட்டரியும் வந்தால் அங்கேயும் கிராஃபைட்தான். இரண்டும் சேர்ந்தால் தேவை எங்கோ போய்விடுமே? 2040 வாக்கில் உலகத்துக்கு எத்தனை டன் வேண்டியிருக்கும்? சோடியம் பேட்டரி வந்துவிட்டால் என்ன ஆகும்? கிராஃபைட் சுரங்கப் பங்குகளை இப்போதே வாங்கிவைக்கலாமா? என் மகள் பொருளறிவியல் படிக்கிறாள். அவளோடு பேசும்போது எழுந்த கேள்விகள் இவை.

ரா.

அன்புள்ள ரா.,

பங்குச்சந்தை பற்றி என்னிடம் கேட்காதீர்கள். சோடியம், லித்தியத்தைப்போல் கிராஃபைட் அடுக்குகளுக்குள் சரியாகப் புகாது. அதனால் அந்த பேட்டரிகளில் வேறு வகைக் கார்பனை வைக்கிறார்கள். அது பரவினால் கிராஃபைட் தேவை அந்த அளவுக்குக் குறையும், அவ்வளவுதான்.

ஆனால் ‘இரண்டும் சேர்ந்தால்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. எதை எதோடு கூட்டுகிறீர்கள்? வீட்டில் வைக்கும் 10 கிலோவாட் மணி லித்தியம் பேட்டரியில் ஏறத்தாழ 10 கிலோ கிராஃபைட் இருக்கும். சீனாவில் 2023 டிசம்பரில் வணிக உற்பத்தியைத் தொடங்கிய ஷிடாவ் விரிகுடா அணுமின் நிலையத்தில் எரிபொருள், 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளாக இருக்கிறது. ஓர் உருண்டையில் யுரேனியம் 7 கிராம்தான். மிச்சம் சுமார் 200 கிராமும் பெரும்பாலும் கிராஃபைட். ஓர் உலைக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட உருண்டைகள் என்றால் 80 டன் சொச்சம். எட்டாயிரம் வீட்டு பேட்டரிகளில் அது முடிந்துவிடும். எடை என்று பார்த்தால் அணு உலை இந்தச் சந்தையில் ஒரு மூலையில் நிற்கும் வாடிக்கையாளர். ஆனால் அந்த வாடிக்கையாளர் கேட்கும் சரக்கு வேறு.

சின்ன வயதில் தீர்ந்துபோன டார்ச் செல்லைக் கல்லால் உடைத்து, கையெல்லாம் கறுப்பாக, நடுவில் இருக்கும், கிராஃபைட்டின் உறவான கரிக்குச்சியை உருவியிருப்பீர்கள். நானும் உருவியிருக்கிறேன். அதைச் சுவரில் கிறுக்கத்தான் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் அதை வாங்கி, இரண்டு முனையிலும் கம்பி சுற்றி, ஒரு புது செல்லோடு இணைத்து, ஒரு சிறிய பல்பை எரியவைத்துக் காட்டினார். கரிக்குள் மின்சாரம் ஓடுகிறது! அந்த வியப்பில்தான் நான் இதையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். அந்தக் குச்சியில் கொஞ்சம் சாம்பல் கலந்திருந்தாலும் பல்பு எரியும். அணு உலையில் அந்தப் பேச்சே கிடையாது.

இந்தச் சுத்தத்தைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். உலையில் கிராஃபைட்டின் வேலை, யுரேனிய அணுக்களைப் பிளக்கும் நியூட்ரான் துகள்களை விழுங்காமல் அவற்றின் வேகத்தை மட்டும் குறைப்பது. கிராஃபைட்டில் அசுத்தமாகக் கலந்திருக்கக்கூடிய தனிமம் போரான். ஒரு போரான் அணு, கார்பன் அணுவைப்போல் சுமார் இரண்டு லட்சம் மடங்கு நியூட்ரான்களை விழுங்கும். பத்து லட்சம் கார்பன் அணுக்களுக்கு நடுவே ஐந்து போரான் அணுக்கள் இருந்தாலே இழப்பு இரு மடங்காகிவிடும். அமெரிக்காவில் அணு ஆய்வில் இருந்த இயற்பியலாளர் லியோ ஸிலார்ட் இதை மோப்பம் பிடித்தார். கிராஃபைட் தயாரிப்பாளர்களிடம் போய் ‘உங்கள் சரக்கில் போரான் உண்டா’ என்று விடாமல் கேட்டார். கிராஃபைட் எவ்வளவு நியூட்ரான்களை விழுங்கும் என்று அவருடைய சகா என்ரிகோ ஃபெர்மி அளந்ததை வெளியிடவே கூடாது என்று மல்லுக்கு நின்றார். ஃபெர்மிக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் இசைந்தார். 1941-இல் ஜெர்மனியில் இயற்பியலாளர் வால்டர் போத்தே அளந்தபோது கிராஃபைட் அதிகமாக விழுங்குவதாகத் தெரிந்தது. அசுத்தம் காரணமாக இருக்கலாம் என்று அங்கேயே சொன்னவர்கள் உண்டு. சுத்தம் செய்தால் செலவு கூடும் என்று, நியூட்ரான் வேகத்தைக் குறைக்கும் இன்னொரு பொருளான கனநீரின் பக்கம் போய்விட்டார்கள். அமெரிக்காவிலோ 1942 டிசம்பர் 2 அன்று, சிகாகோவில் ஒரு விளையாட்டரங்கின் பார்வையாளர் படிகளுக்குக் கீழே, சுத்தமான கிராஃபைட் கட்டிகளை அடுக்கி மனிதர் கட்டுப்படுத்திய முதல் அணுத் தொடர்வினையை நடத்திவிட்டார்கள். ஜெர்மனியிடமும் கிராஃபைட் இருந்தது, ரா. டன் கணக்கு அவர்களைக் காப்பாற்றவில்லை.

பேட்டரிக்கும் ஏறக்குறைய இதே கதைதான். தோண்டி எடுத்த செதில் கிராஃபைட்டை உருட்டி உருண்டையாக்கும்போதே பாதிக்கு மேல் தூளாகக் கழிந்துவிடும். பிறகு 99.95 சதவீதத்துக்குச் சுத்தம் செய்ய வேண்டும். பெரும்பாலும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால், எலும்பு வரை அரிக்கும் அமிலம் அது. செயற்கையாகச் செய்வதென்றால் பெட்ரோலியக் கோக்கை 3000 டிகிரிக்குப் பக்கத்தில் நாள்கணக்கில் சூடாக்க வேண்டும். பேட்டரித் தரத்துக்கு இதைச் செய்து தருவதில் உலகின் 90 சதவீதத்துக்கும் மேல் சீனாவிடம் இருக்கிறது. 2023 டிசம்பரில் அந்த நாடு ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் பல நாடுகள் சுரங்கத்தைத் தேடி ஓடின. கற்றுக்கொள்ள வேண்டியதோ சூளை மூட்டிச் சுத்தம் செய்யும் வித்தையை. நீங்களும் சுரங்கப் பங்கைக் கேட்கிறீர்கள்!

அணு உலைக்கு இன்னொரு சோதனையும் உண்டு. நியூட்ரான் படப்பட கிராஃபைட் முதலில் சுருங்கும், பிறகு வீங்கத் தொடங்கும், விரிசல் விடும். ஸ்காட்லாந்தின் ஹண்டர்ஸ்டன் பி அணுமின் நிலையத்தில் உலைக்குள் அடுக்கிய கிராஃபைட் செங்கற்களை மாற்ற வழியில்லை. விரிசல்களை எண்ணிக்கொண்டே ஓட்டினார்கள். 2022 ஜனவரியில் மூடினார்கள். ஒரு புதுவகைக் கிராஃபைட் உலைக்குத் தகுதியானதா என்று சோதித்து முடிக்கவே பல ஆண்டுகள் ஆகும். அவ்வளவு காலம் பொறுமையாக அளந்துகொண்டிருக்க ஆள் வேண்டும்.

உங்கள் மகள் படிக்கிற படிப்பு இதுதானே. அவளிடம் 2040-இன் டன் கணக்கைக் கேட்காதீர்கள். கதிர்வீச்சில் கிராஃபைட் ஏன் முதலில் சுருங்கிப் பிறகு வீங்குகிறது என்று கேளுங்கள். அடுத்த கடிதத்தை அவளே எழுதட்டும்.

அன்புடன்.