கணவர் மதம் மாறிவிட்டார். நீங்கள் இன்னும் மனு போடவில்லை

கிள்ளானிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். சுருக்கம் இது:

2007இல் கோயிலில் தாலி கட்டி, முறைப்படி பதிவும் செய்துகொண்ட திருமணம். மகளுக்கு 15 வயது, மகனுக்கு 9. கணவர் இரண்டு லாரிகள் வைத்துத் தொழில் செய்கிறார். ஒன்றரை வருடத்துக்கு முன் மனைவிக்குச் சொல்லாமலே இஸ்லாத்துக்கு மாறி, ஷா ஆலமில் வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். வீடு அவர் பெயரில் இருக்கிறது. தவணையை ஒரு மாதம் கட்டுகிறார், இரண்டு மாதம் விடுகிறார். போன தைப்பூசத்துக்கு நெற்றியில் விபூதியோடு பத்துமலைக்கு வந்திருக்கிறார். அந்தப் படம் இவரிடம் இருக்கிறது. "என் பிள்ளை திரும்பி வந்துவிடுவான், அவசரப்படாதே" என்கிறார் மாமியார். கேள்விகள் மூன்று. பெண்ணுக்காக மாறிய இந்த மதமாற்றத்தை ரத்து செய்ய முடியுமா? இரண்டாம் கல்யாணத்துக்காக அவர்மேல் வழக்குப் போட முடியுமா? அவரைத் திரும்பக் கொண்டுவர வழி உண்டா?

சகோதரி,

நான்கு பக்கத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒன்றரை வரிதான். உங்கள் திருமணம் இன்னும் சட்டப்படி நிற்கிறது. அவர் உயிரோடு இருக்கிறார். மற்றதெல்லாம் உங்கள் வேதனை. அது பொய்யில்லை, ஆனால் நீதிபதி முன்னால் அதற்கு எடை கிடையாது.

உங்கள் மூன்று கேள்விகளையும் முதலில் ஒதுக்கிவிடுகிறேன். மனசுக்காக மாறினாரா, மணத்துக்காக மாறினாரா என்று சிவில் நீதிமன்றம் துருவாது. ஒருவர் உண்மையில் முஸ்லிமா என்ற விவகாரம் வந்தாலே, அரசமைப்பின் 121(1ஏ) பிரிவைக் காட்டி ஷரியா பக்கம் கையை நீட்டிவிடுவார்கள். முஸ்லிம் அல்லாத நீங்கள் அங்கே வழக்காடவே முடியாது. இரண்டாம் கல்யாணத்தைச் செல்லாது என்று சொல்லக் கேட்டாலும் இதே கதவில்தான் போய் முட்டுவீர்கள். திரும்பி வருவது பற்றி மாமியாருக்கு ஒன்று சொல்லுங்கள்: 2007இல் லீனா ஜாய் வழக்கில், நாட்டின் உச்ச மன்றமான கூட்டரசு நீதிமன்றம் என்ன சொன்னது என்று யாரையாவது கேட்கட்டும். இஸ்லாத்தை விட்டு வெளியேற ஷரியா நீதிமன்றத்தின் சான்று வேண்டும் என்றது. வீட்டுக்கு வந்து விபூதி பூசிக்கொண்டால் மட்டும் அடையாள அட்டை மாறிவிடாது.

அந்தப் பத்துமலைப் படத்தை உங்கள் துருப்புச் சீட்டு என்று நினைக்கிறீர்கள். என் கணக்கில் அதுதான் இந்தக் கடிதத்திலேயே ஆபத்தான விஷயம். ஏன் என்று பார்ப்போம்.

2005 டிசம்பரில் மூர்த்தி இறந்தார். 1997இல் எவரெஸ்ட்டுக்குப் போன மலேசியக் குழுவில் இருந்த ராணுவ வீரர். அவர் இந்துவாகவே வாழ்ந்தார் என்றார் மனைவி. மதம் மாறியவர் என்று இஸ்லாமியச் சமய இலாகா உடலைக் கேட்டது. ஷரியா நீதிமன்றம் முஸ்லிம் என்று சொல்லிவிட்ட பிறகு தன்னால் தலையிட முடியாது என்றது கோலாலம்பூர் உயர் நீதிமன்றம். உடல் இஸ்லாமிய முறைப்படி அடக்கமானது. கணவர் கும்பிட்டதும் விரதம் இருந்ததும் அந்த மனைவிக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அதைச் சொல்ல அவருக்கு ஒரு சபையே இல்லாமல் போனது. உங்கள் படத்தின் மதிப்பும் அவ்வளவுதான். ஆனால் அந்தப் படத்தை நம்பி "அவர் உள்ளுக்குள் இன்னும் நம்மாள்தான்" என்று நீங்கள் காத்திருக்கிறீர்கள் பாருங்கள், அதில்தான் நஷ்டம். ஒன்றரை வருடம் ஏற்கெனவே போய்விட்டது.

சரி, உங்களுக்கு இருப்பது என்ன? 1976ஆம் ஆண்டுத் திருமண, விவாகரத்துச் சட்டம், நம் ஆட்கள் "சட்டம் 164" என்று சொல்வது. அதன் 51ஆம் பிரிவில், ஒருவர் இஸ்லாத்துக்கு மாறினாலே அந்தக் காரணத்தை வைத்து நீங்கள் விவாகரத்து கேட்கலாம். அவர் கெட்டவர், ஏமாற்றினார், அடித்தார் என்றெல்லாம் நிரூபிக்க வேண்டியதில்லை. ஜீவனாம்சமும், பிள்ளைகள் யாரிடம் வளர்வது என்ற பராமரிப்பு உரிமையும் அதே மனுவில் வந்துவிடும். முன்பெல்லாம் இதில் தேதி பார்த்தே ஆளைக் கவிழ்த்துவிடுவார்கள். 2007இல் சுபாஷினி வழக்கில், கணவர் மதம் மாறி மூன்று மாதம் முடிவதற்குள் மனு போட்டார் என்ற காரணத்தாலேயே கூட்டரசு நீதிமன்றத்தில் அவர் மனு நிற்கவில்லை. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. மூன்று மாதம் எப்போதோ தாண்டிவிட்டது. ஆனாலும் அவர் மாறிய சரியான தேதியைத் தெரிந்துகொள்ளுங்கள். "போன வருடத்துக்கு முந்தைய தீபாவளி சமயம்" என்று எழுதியிருக்கிறீர்கள். மனுவில் அப்படி எழுத முடியாது.

அப்புறம், 2018 டிசம்பர் 15 முதல் இந்தச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் அமலில் இருக்கிறது. இப்போது அவரும் மனு போடலாம், இருவரும் சேர்ந்தும் போடலாம். இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது: "வேண்டுமானால் கையெழுத்துப் போடுகிறேன் என்று அவரே சொல்கிறார், எனக்குத்தான் மனசு வரவில்லை." அதற்கு வருகிறேன். அதற்கு முன், என்னிடம் வந்தவர்கள் விழுந்த பள்ளங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் பள்ளம் சாவு. பேசக் கூசினாலும் பேசித்தான் ஆக வேண்டும், அதுவும் லாரி ஓட்டுகிறவர். விவாகரத்து ஆகாமல் அவர் இறந்தால், முஸ்லிமாக இறக்கிறார். ஃபராயிட் என்ற இஸ்லாமிய வாரிசு முறையில் முஸ்லிம் அல்லாத மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு கிடையாது. இதற்காகத்தான் 51ஏ என்று புதுப்பிரிவு கொண்டுவந்தார்கள்: மதம் மாறியவர் விவாகரத்துக்கு முன்பே இறந்தால், திருமண வாழ்க்கையில் சேர்த்த சொத்தை நீதிமன்றம் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் இடையே பிரித்துக் கொடுக்கலாம். நல்ல பிரிவுதான். ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். நீங்கள்தான் விண்ணப்பம் போட வேண்டும். எது சேர்த்த சொத்து, யார் எவ்வளவு போட்டார்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். "பெற்றோர்" என்று சட்டம் சொல்கிறதே, அந்த இடத்தில் இன்றைக்கு உங்களை அவசரப்படாதே என்கிற மாமியாரும் ஒரு பங்குதாரராக நிற்பார். உங்கள் சம்பளத்தில் வீட்டின் பின்பக்கத்தைப் பெரிதாக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். ரசீது இருக்கிறதா? என்னிடம் வருகிறவர்களில் பத்தில் எட்டுப் பேர் "கான்ட்ராக்டர் தெரிஞ்சவர், கையில காசா கொடுத்தோம்" என்பார்கள்.

சேமநிதிப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் இறந்தால் பணம் யாரிடம் போக வேண்டும் என்று எழுதிக்கொடுத்த பழைய படிவத்தில் உங்கள் பெயர்தான் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். அதை அவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மாற்றாவிட்டாலும், உறுப்பினர் முஸ்லிமாக இருந்தால் படிவத்தில் பெயர் இருக்கிறவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிற பொறுப்பாளர் மட்டுமே. நீங்கள் வாங்கி, அவர்களுக்குக் கொடுப்பீர்கள்.

இரண்டாவது பள்ளம் பிள்ளைகள். இதில்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். பள்ளி விடுமுறைக்கு மகனை அவர் ஷா ஆலமுக்குக் கூட்டிப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். எந்த நீதிமன்ற உத்தரவும் இல்லாமல், வாய்ப் பேச்சில். சட்டம் இன்று உங்கள் பக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. 2018 ஜனவரியில், இந்திரா காந்தி என்ற நம் நாட்டுத் தாய் ஒருவரின் வழக்கில், பிள்ளைகளை மதம் மாற்ற அம்மா, அப்பா இருவரின் சம்மதமும் வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. யாரைக் கேட்டாலும் இந்தத் தீர்ப்பைச் சொல்லித் தைரியம் கொடுப்பார்கள். நான் அதே வழக்கின் மற்றப் பாதியைச் சொல்கிறேன். 2009இல் தந்தை தூக்கிக்கொண்டு போனபோது கடைக்குட்டிக்கு 11 மாதம். 2010இல் ஈப்போ உயர் நீதிமன்றம் பிள்ளைகளைத் தாயிடம் ஒப்படைத்தது. 2016இல், தந்தையைக் கைது செய்யும்படி போலீஸ் படைத் தலைவருக்கே கூட்டரசு நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2018இல் மதமாற்றமும் ரத்தானது. அத்தனை தீர்ப்புகள் கைக்கு வந்தும், ஆண்டுக்கணக்கில் அந்தப் பிள்ளை மட்டும் தாயின் கைக்கு வரவில்லை.

சிரம்பானில் தீபா வழக்கும் அப்படித்தான். 2014 ஏப்ரலில் இரண்டு பிள்ளைகளையும் உயர் நீதிமன்றம் தாயிடம் கொடுத்தது. இரண்டு நாளில் தந்தை மகனைத் தூக்கிப் போனார். கையில் ஷரியா நீதிமன்ற உத்தரவு வைத்திருந்தார். 2016இல் கூட்டரசு நீதிமன்றம், சிவில் திருமணத்தில் பிறந்த பிள்ளைகள் விஷயத்தில் ஷரியா நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று தெளிவாகச் சொன்னது. சொல்லிவிட்டு என்ன செய்தது? மகளைத் தாயிடமும் மகனைத் தந்தையிடமும் விட்டது. இடையில் இரண்டு வருடம் ஓடி, அந்தப் பையன் அப்பாவோடு பழகிவிட்டான். சட்டத்தில் ஜெயித்த அம்மா அவர்.

பெர்லிஸ் வழக்கு இன்னும் அண்மையானது. 2020இல் மூன்று பிள்ளைகளைத் தந்தை தனியாக மதம் மாற்றினார். அது செல்லாது என்பது 2024 மே மாதம்தான் முடிவாக நின்றது. ஏறக்குறைய நான்கு வருடம். உங்கள் மகனுக்கு இப்போது 9 என்றால், அப்படி ஒரு தீர்ப்பு வரும்போது 13.

ஆகவே பராமரிப்பு உத்தரவு கைக்கு வரும்வரை மகனின் பிறப்புச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் உங்கள் வீட்டிலும் இருக்க வேண்டாம். உங்கள் அம்மா வீட்டிலோ வங்கிப் பெட்டகத்திலோ வையுங்கள். அப்பாவைப் பார்க்கவே விடாமல் தடுக்காதீர்கள், அது நாளைக்கு உங்களுக்கு எதிராகத் திரும்பும். பார்க்கட்டும், கிள்ளானில், பகலில். இரவு தங்கல் வேண்டாம்.

மூன்றாவது பள்ளம் கையெழுத்து. சமய இலாகாவிலிருந்தோ ஷரியா நீதிமன்றத்திலிருந்தோ மலாய் மொழியில் ஏதாவது தாள் வந்தால், "ஆட்சேபணை இல்லை என்று சும்மா ஒரு கையெழுத்து" என்று யார் சொன்னாலும் போடாதீர்கள். திருமணம் கலைந்துவிட்டது என்று அவர் அங்கே ஓர் உத்தரவு வாங்கி வந்து நீட்டினாலும் பதற வேண்டாம். உங்கள் திருமணத்தைக் கலைக்கிற அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்குத்தான். கோயில் நிர்வாகத்தினர் சொல்கிற போலீஸ் புகார், செய்தியாளர் சந்திப்பு எல்லாம் அவர்களுக்குப் படம் பிடித்துக்கொள்ள உதவும். அன்றிலிருந்து உங்கள் கணவர் கையெழுத்துப் போடத் தயங்குவார். அவ்வளவுதான் பலன்.

இப்போது அந்த மூன்றாம் பக்கத்து வரி. அவர் கையெழுத்துப் போடத் தயார் என்கிறார். ஏன் தயார்? பழைய கட்டு அறுந்து புது வாழ்க்கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று அந்தப் பக்கத்துக் குடும்பம் கேட்கும். இன்று அவருக்கு அவசரம் இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு குழந்தை பிறந்த பிறகு இந்த அவசரமும் தாராளமும் இருக்காது. எத்தனையோ பேரிடம் பார்த்துவிட்டேன். ஆகவே வெட்டென்று சொல்கிறேன்: சமாதானமாகப் போங்கள். 52ஆம் பிரிவில் கூட்டு மனு போடுங்கள்.

அதில் விட்டுக்கொடுக்க வேண்டியது பணம், விடக்கூடாதது பிள்ளைகளும் வீடும். மாதம் 1,200 ரிங்கிட் தருகிறேன் என்கிறார், நீங்கள் 2,500 கேட்டு நிற்கிறீர்கள். 1,200க்கே ஒத்துக்கொண்டு, வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். மாதப்பணம் மூன்றாம் வருடம் நின்றுபோகும், அதற்கு ஒரு வழக்கு, அதற்கு எனக்கு ஒரு கட்டணம். பெயர் மாறிய வீடு திரும்பிப் போகாது. மிச்சக் கடனை உங்கள் சம்பளத்துக்கு வங்கி ஏற்றுக்கொள்ளுமா என்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். மகளின் படிப்புச் செலவை 18 வயதோடு நிறுத்தாமல் மேற்படிப்பு முடியும்வரை என்று எழுத வையுங்கள். திருத்தத்துக்குப் பிறகு சட்டமே அதற்கு இடம் தருகிறது. 18 வயதாகும்வரை இரு பிள்ளைகளின் மதத்தையும் உங்கள் எழுத்துச் சம்மதமில்லாமல் மாற்றுவதில்லை என்ற ஷரத்து உத்தரவிலேயே இருக்க வேண்டும். மீறினால் நீதிமன்ற அவமதிப்பு என்று உடனே ஒரு பிடி கிடைக்கும். புது வழக்குப் போட்டு நான்கு வருடம் காத்திருப்பதைவிட அது மேல். இந்த ஒரு ஷரத்துக்கு அவர் மறுத்தால் மட்டும் கூட்டு மனு வேண்டாம். மறுநாளே 51இல் தனியாகப் போய், வீட்டை விற்கத் தடையும் பிள்ளைகளின் இடைக்காலப் பராமரிப்பும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். நீதிபதி சரி என்று சொன்ன அன்றைக்கே விவாகரத்து முடிந்துவிடாது. இறுதி ஆணைக்கு மூன்று மாதம் ஆகும். அந்த மூன்று மாதமும் நீங்கள் சட்டப்படி அவர் மனைவிதான், மேலே சொன்ன முதல் பள்ளமும் திறந்தே கிடக்கும். வீட்டுப் பெயர் மாற்றத்துக்கான தாள்களில் அதற்குள்ளேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வீட்டுக் கடன் கணக்கு, அவர் "கையெழுத்துப் போடுகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அது, இவ்வளவும் எடுத்துப் போங்கள். பத்துமலைப் படம் வீட்டிலேயே இருக்கட்டும்.