பிரதிவாதின்னா குற்றவாளியா?

கேள்வி: பொதுப்பாதை விஷயமா பக்கத்து வீட்டுக்காரர் கேஸ் போட்டு அம்மா பேருக்கு சம்மன் வந்திருக்கு சார், அதுல ‘பிரதிவாதி’ன்னு இருக்கறத பார்த்துட்டு அம்மா ராத்திரி பூரா தூங்கல. குற்றவாளின்னு அர்த்தமா?

பதில்: இல்லவே இல்லைங்க, முதல்ல அம்மாகிட்ட அத சொல்லுங்க. இது சிவில் கேஸ், போட்டவர் வாதி, யார்மேல போட்டாரோ அவங்க பிரதிவாதி, அவ்ளோதான். ஆனா சம்மன்ல இருக்கற வாய்தா தேதிய மட்டும் விட்றாதீங்க, உங்க பக்கம் யாருமே போகலன்னா ‘எக்ஸ்பார்ட்டி’ன்னு ஒருதலைப்பட்சமா தீர்ப்பு ஆயிடும், அப்புறம் அத ரத்து பண்ண 30 நாளுக்குள்ள மனு போட்டு அலையணும். வக்கீல் அம்மாவுக்காக ஆஜராகணும்னா வக்காலத்துல, அதாவது வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கற பத்திரத்துல, அம்மா கையெழுத்து வேணும். காசு இல்லன்னு தயங்காதீங்க, 1987 சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டு, கோர்ட்ல சட்டப்பணிகள் குழு ஆபீஸ் எங்கன்னு கேட்டு போங்க.