பெர்சிஃபோனியின் நான்கு மாதங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கிரேக்கரின் தானிய தெய்வமான தாய் டிமீட்டர், பாதாள அரசன் ஹேடிஸ் கவர்ந்துசென்ற அவள் மகள் பெர்சிஃபோனி ஆகியோரின் கதையைச் சிறுவர் நூலொன்றில் படித்தேன். மாதுளை முத்துகளைத் தின்றதால் மகள் ஆண்டில் ஆறு மாதம் பாதாளத்தில் இருக்கிறாள், அதுவே குளிர்காலம் என்றிருந்தது. வேறோரிடத்தில் நான்கு மாதம் என்று கண்டேன். எது சரி?

கா.

அன்புள்ள கா.,

இரண்டும் சரிதான், அவை இரு வேறு கவிதைகளின் கணக்குகள். ஹோமரின் பெயரால் வழங்கினாலும் அவர் இயற்றியதாகக் கருதப்படாத பழைய கிரேக்கத் துதிப்பாடல், ஆண்டின் மூன்றில் ஒரு பங்கைப் பாதாளத்துக்குத் தருகிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த ரோமானியக் கவி ஓவிட், ‘உருமாற்றங்கள்’ நூலில், மகள் கவரப்பட்ட நிகழ்ச்சியைச் சிசிலித் தீவின் என்னா நகரை அடுத்த ஏரிக்கரையில் வைத்து, ஆண்டைச் சரிபாதியாகப் பிரிக்கிறார். அவர் சொல்லும் முத்துகள் ஏழு. துதிப்பாடலில் ஒன்றே ஒன்று.

கிரேக்கத்தில் இலையுதிர்கால மழைக்குப் பின் விதைத்த வாற்கோதுமை குளிர்காலம் முழுவதும் பச்சையாக நின்று கோடையின் தொடக்கத்தில் அறுவடையாகிறது. நிலம் காய்ந்து கிடப்பது கடுங்கோடையில்தான். ஆகவே பெர்சிஃபோனி மறைந்திருப்பது கோடையில் என்று வாதிட்ட அறிஞர்களும் உண்டு. ஆனால் வசந்தத்தின் மலர்களோடு அவள் திரும்புவாள் என்று பாடலே சொல்லும்போது நான் பாடலின் பக்கமே நிற்பேன்.

உங்கள் சிறுவர் நூல் விட்டுவிட்டதாக நான் வருந்துவது வேறொன்று. பாடலில் நிலம் மலடாவது குளிரால் அல்ல, தாயின் சினத்தால். எருதுகள் வீணே கலப்பை இழுக்கின்றன, வெண்ணிற வாற்கோதுமை வீணே மண்ணில் விழுகிறது, மனிதரின் படையல் நின்றுவிடும் என்ற நிலை வந்த பிறகே தேவர்களின் அரசன் சியூஸ் விட்டுக்கொடுக்கிறார். பருவங்கள் அந்தப் போராட்டத்தில் எட்டப்பட்ட உடன்பாடு. மகளை முழுவதுமாக மீட்க முடியாத தாய் பெற்ற பங்கு.

மகள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் இடத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். அணைத்திருக்கும்போதே டிமீட்டருக்கு ஐயம் எழுகிறது. அணைப்பைத் தளர்த்தி, கீழே எதையேனும் உண்டாயா என்று கேட்கிறாள். தேன்போல் இனித்த அந்த முத்தை ஹேடிஸ் கள்ளத்தனமாகக் கொடுத்தான் என்று மட்டுமே கவிஞர் முன்பு சொல்லியிருந்தார். மகளோ, என் விருப்பத்துக்கு மாறாக வலுக்கட்டாயமாக உண்ண வைத்தான் என்கிறாள். அந்தச் சொல்லை அவள் ஏன் சேர்த்தாள் என்பதைப் பாடல் விளக்குவதில்லை. ஒவ்வொரு வாசிப்பிலும் நான் அங்கே நின்றுவிடுகிறேன்.