கடைசியாக வருபவருக்கு ஓய்வில்லை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நெடுநடை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் எனக்கு அந்த ஆசையே வந்தது. போன வருடம் நண்பர்கள் நான்கு பேர் 18 நாள் மலைப்பாதை ஒன்றுக்குக் கிளம்பினோம். எனக்கு 46 வயது, மற்ற மூவரும் இளையவர்கள். முதல் நாளிலிருந்தே நான்தான் கடைசி. அவர்கள் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்காகக் காத்திருந்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏழாம் நாள் முட்டி வீங்கியது. ஒன்பதாம் நாள் நான் மட்டும் திரும்பிவிட்டேன்.

‘அவரவர் வேகத்தில் நடப்போம்’ என்று பேசிவைத்துத்தான் போனோம். அந்தப் பேச்சுக்கு என்னதான் அர்த்தம்? நன்றாகப் பயிற்சி எடுத்து அவர்களோடு மறுபடி போகவேண்டுமா, இல்லை இது நமக்கு ஒத்துவராது என்று விட்டுவிடலாமா?

க.

அன்புள்ள க.,

‘ஒவ்வொரு திருப்பத்திலும் காத்திருந்தார்கள்’ என்ற வரியைத் தாண்ட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நீங்கள் வந்து சேர்ந்ததும் அவர்கள் என்ன செய்தார்கள்? எழுந்து பையை மாட்டியிருப்பார்கள். நீங்களும் ‘போலாம் போலாம், நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொல்லிக் கூடவே கிளம்பியிருப்பீர்கள். ஏற்கெனவே தாமதப்படுத்திவிட்டோமே என்ற கூச்சம். ஒரு நாளில் இது பத்து முறை நடந்தால் அவர்களுக்குப் பத்து ஓய்வு, உங்களுக்கு ஒன்றுமில்லை. கூட்டத்திலேயே அதிகம் களைத்தவர் இடைவெளியே இல்லாமல் நடந்திருக்கிறார்.

நான் காத்திருக்கும் பக்கத்தில் இருந்தவன். பல வருடங்களுக்கு முன் ஒரு நண்பரோடு பத்து நாள் நடந்தேன். பாறைமேல் உட்கார்ந்து அவருக்காகக் காத்திருப்பதை என் பெருந்தன்மை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசி நாள் அவர் சொன்னார்: “நீ உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நான் வரும்போதெல்லாம் நின்றுகொண்டுதான் இருப்பாய்.” அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து நடக்கவில்லை. சண்டையெல்லாம் இல்லை, அழைப்பது நின்றுபோனது.

முட்டிக்கு வருகிறேன். ஏற்றத்தில் விட்ட தூரத்தை நீங்கள் இறக்கத்தில் ஓடிப் பிடித்திருப்பீர்கள் என்பது என் ஊகம். பின்தங்குபவர்கள் எல்லோரும் செய்வது அது. இறங்கும்போது மூச்சு வாங்காது என்பதால் சுலபம் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு அடியிலும் தொடைத்தசை நீண்டுகொண்டே உடலையும் பையையும் தடுத்து நிறுத்துகிறது. தசைக்கு மிக அதிக வலி தரும் வேலை இதுதான். அந்த வலியும் அன்றைக்குத் தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். தசை களைத்தபின் சுமை முட்டிக்குப் போகிறது. தசையைவிட, அதை எலும்போடு இணைக்கும் தசைநார் பழக அதிகக் காலம் எடுக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் முதல் வாரத்தை வேண்டுமென்றே குறைந்த தூரத்தில் வைத்துக்கொள்கிறார்கள். கால் கெஞ்சாத நாளிலும் நிறுத்திவிடுவார்கள்.

அவரவர் வேகம் என்ற பேச்சு ஏன் ஏழு நாள்கூடத் தாங்கவில்லை? ஒரு கேள்வி கேட்கிறேன். கூடாரம் யார் பையில் இருந்தது? அடுப்பு? வரைபடம்? நால்வருக்கும் ஒரே அடுப்பு, அது முன்னால் போகிறவர் பையில் என்றால், உங்கள் வேகத்தைத் தீர்மானித்தது அந்த அடுப்புதான். சுமையைப் பங்கிட்டால் எடை குறையும், உண்மை. கூடவே வேகத்தையும் பங்கிட்டாகவேண்டும். தனக்கான சின்னக் கூடாரம், தனக்கான தண்ணீர், தனக்கான வரைபடம் என்று வைத்திருப்பவரால் மட்டுமே ‘நீங்கள் போங்கள், சாயங்காலம் பார்க்கலாம்’ என்று நிம்மதியாகச் சொல்லமுடியும். ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கூடுதலாகச் சுமக்கவேண்டிவரும். நான் சுமப்பேன்.

இன்னொன்று, உங்கள் வேகம் என்ன என்பது உங்களுக்கே தெரிந்திருக்கவேண்டும். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்ன கணக்கு ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், மேலே ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். 20 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் ஐந்தரை மணி நேரம். பையோடு, ஓய்வோடு அதை நீங்கள் எட்டேகால் மணி நேரத்தில் முடித்தால் உங்கள் எண் ஒன்றரை, அதாவது கணக்கு சொல்லும் நேரத்தைப்போல ஒன்றரை மடங்கு. நாலைந்து நாள் குறித்துப் பாருங்கள், அந்த எண் அதிகம் மாறாது. அது கையில் இருந்தால் மறுநாள் எத்தனை மணிக்குக் கிளம்பினால் வெளிச்சத்தோடு போய்ச் சேரலாம் என்பது முந்தின இரவே தெரிந்துவிடும். மெதுவாக நடப்பவர்கள் இருட்டில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அடுத்தவர் கணக்கை நம்பிக் கிளம்புவதால்தான்.

பாதியில் திரும்பியதைச் சொல்ல வெட்கப்படுகிறீர்கள் போலிருக்கிறது. அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் வரை, 14 மாநிலங்கள் வழியாகச் சுமார் 3,500 கிலோமீட்டர் போகிறது. 1954-ல் எம்மா கேட்வுட் என்ற பெண்மணி அதன் வடமுனையில் நடக்கத் தொடங்கினார். வழி தவறி, மூக்குக்கண்ணாடியும் உடைந்து, வனக்காவலர்கள் வீட்டுக்குப் போகச் சொல்லித் திரும்பினார். மறுவருடம், 67 வயதில், தென்முனையிலிருந்து கிளம்பினார். காலில் கேன்வாஸ் ஷூ, தோளில் தானே தைத்த துணிப்பை, மழைக்குக் குளியலறைத் திரை. கூடாரம்கூட இல்லை. 146 நாளில் முடித்தார். பிறகு மறுபடியும் முழுசாக ஒரு முறை, துண்டு துண்டாக ஒரு முறை நடந்தார். அதே பாதையை 2024-ல் டாரா டவர் என்பவர் 40 நாள் 18 மணி நேரத்தில் கடந்தார். பாதையைப் பராமரிக்கும் அமைப்பு, முழுதும் நடந்தவர்களை அங்கீகரிக்கும்போது வேகம், திசை, வரிசை, எடுத்துக்கொண்ட காலம், முதுகில் பை இருந்ததா என்பது எதையும் கணக்கில் எடுப்பதில்லை. நீங்கள் நடந்த ஒன்பது நாளும் நடந்ததுதான். மீதியை விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

இப்படிச் சொல்வதால் ‘என் வேகம்’ என்பதை ஒரு மந்திரம்போல வைத்துக்கொள்ளாதீர்கள். அதைச் சொல்லிக்கொண்டே மதியம் வரை தூங்கிவிட்டு, இரவில் டார்ச்சோடு மற்றவர்களைத் தேடவைத்த ஆசாமிகளை எனக்குத் தெரியும். ஆற்றைக் கடக்கும் இடம், பனிச்சரிவு, இடி மின்னல் வரும் வேளை ஆகியவற்றில் அவரவர் வேகம் என்ற பேச்சே கிடையாது. அங்கே எல்லோரும் ஒன்றுகூடிவிட்டுத்தான் அடுத்த அடி. எந்தெந்த இடங்கள் என்று காலையிலேயே வரைபடத்தில் குறித்துவிட்டால் போதும், மற்ற திருப்பங்களில் யாரும் யாருக்காகவும் நிற்கவேண்டியதில்லை.

பயிற்சி எடுங்கள், அதுவும் படி இறங்கும் பயிற்சியாக எடுங்கள். அவர்களை எட்டிப்பிடிப்பதற்காக வேண்டாம். உங்களைவிட பத்துப் பதினைந்து வயது இளையவர்களும் பயிற்சி எடுப்பார்கள், இடைவெளி அப்படியேதான் இருக்கும். அதே நண்பர்களோடு போங்கள், பாதகமில்லை, நல்ல மனிதர்களாகத்தான் தெரிகிறார்கள். காலையில் அவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால் நீங்கள் கிளம்பிவிடுங்கள். பத்து மணிவாக்கில் பின்னால் பேச்சுக்குரல் கேட்கும். ஒதுங்கி நின்று வழி விடுங்கள், இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். பிறகு அந்த இடத்திலேயே, அவர்கள் தலை மறைந்தபின், பையை இறக்கிவைத்து ஆற அமர உட்காருங்கள்.

முட்டியை மருத்துவரிடம் காட்டினீர்களா? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.