வாசகர் கேள்விகள்: போய் வருவது வேறு, குடியிருப்பது வேறு

கேள்வி: நீங்கள் ஜெர்மனியில் வேலை பார்த்தவர். சுற்றிப் பார்ப்பதற்கும் அங்கேயே குடியிருப்பதற்கும் அவ்வளவு வித்தியாசமா? (மதுரை வாசகர்)

பதில்: ரொம்பவே. சுற்றுலா போனவர் ரைன் நதியையும் கொலோன் தேவாலயத்தையும் பார்க்கிறார். குடிபோனவர் முதலில் பார்ப்பது ஆன்மெல்டுங், அதாவது குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்வது. அது முடியாமல் வரி எண் வராது, பல வங்கிகளில் கணக்குத் திறப்பதும் சிக்கல். ஆனால் பதிவு செய்ய வீடு வேண்டும், வீடு கொடுப்பவரோ சம்பளச் சீட்டைக் கேட்பார், சம்பளம் வர வங்கிக் கணக்கு வேண்டும் என்று ஆளைச் சுற்றவிடும். வீடு கிடைத்துக் கதவைத் திறந்தால் சமையலறையில் அடுப்பும் அலமாரியும் இல்லை, பாத்திரம் கழுவும் தொட்டிகூட இல்லை. முன்பு குடியிருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார், அங்கே அது சாதாரணம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே பால் வாங்கிவைக்காவிட்டால் பெரிய ரயில் நிலையத்துக் கடையைத் தேடிப் போக வேண்டும். முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம், கடையில் நாளெல்லாம் நிற்கும் பெண்ணுக்கும் தன் பிள்ளைகளோடு இருக்க ஒரு நாளைச் சட்டமே கொடுத்திருக்கிறது என்று புரிந்ததும் அந்த மூடிய கடைகள்மேல் மரியாதை வந்துவிட்டது.

கேள்வி: ஜப்பானியர்கள் பிறவியிலேயே நேர்மையானவர்களாமே? (சேலம் வாசகி)

பதில்: பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டால் நாம் கற்றுக்கொள்ள எதுவும் இல்லாமல் போய்விடும் அம்மா. தொலைந்த பணப்பை திரும்பி வருவது நிஜம், ஆனால் அதற்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ரயில் நிலையங்களுக்குப் பக்கத்தில், தெருமுனைகளில் கோபன் என்ற சிறிய காவல் சாவடிகள் உண்டு, கண்டெடுத்ததை அங்கே கொடுத்தால் எழுதி வாங்கிக்கொள்வார்கள். கொடுத்தவர் பொருளின் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம் வரை வெகுமதி கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் சொந்தக்காரர் தெரியவராவிட்டால் கைபேசி, அடையாள அட்டை போன்றவை நீங்கலாகப் பொருளே கண்டெடுத்தவருக்குத்தான். 2023இல் டோக்கியோ காவல்துறைக்கு இப்படி வந்து சேர்ந்தவை 40 லட்சத்துக்கும் மேல்! ஆனால் என்னை நெகிழவைத்தது அங்குள்ள பிள்ளைகள்தான். ஆறு வயதுக் குழந்தை முதுகில் பெரிய தோல் பையோடு பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போகிறது, சாலை கடக்கும் இடத்தில் அந்தப் பேட்டையின் முதியவர்கள் கொடி பிடித்து நின்று அனுப்பிவைக்கிறார்கள். நம் தெருக்களில் இது முடியாது என்று யார் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி: ஜப்பானில் சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது? (கும்பகோணம் வாசகர்)

பதில்: கவனமாக இருக்க வேண்டும். காய்கறி சூப் என்று தருவதிலும் பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் எடுத்த தாஷி என்ற சாறு இருக்கும். கோயாசான் மலைக்குப் போனால் அங்குள்ள புத்தக் கோயில் விடுதிகளில் சுத்தமான சைவச் சாப்பாடு கிடைக்கும்.

கேள்வி: ஐரோப்பாவில் நம் ஆட்கள் இருக்கும் இடம் எதற்காவது போனீர்களா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: ஜெர்மனியின் ஹாம் நகரத்துக்குப் போனேன். 1983 கலவரத்துக்குப் பிறகு அகதிகளாக வந்த ஈழத்தமிழர்கள் ஒரு கட்டடத்தின் நிலவறையில் வழிபடத் தொடங்கி, 2002இல் தென்னிந்தியக் கோபுரத்தோடு காமாட்சி அம்பாளுக்குக் கோயில் எழுப்பிக் குடமுழுக்குச் செய்தார்கள். இருப்பது தொழிற்பேட்டை, பக்கத்தில் சரக்குப் படகுகள் போகும் கால்வாய். அந்தக் கால்வாயில்தான் தீர்த்தம் நடக்கிறது. கோடையில் தேரிழுக்கப் பல நாடுகளிலிருந்தும் வருகிறார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள் இதைக் கட்டினார்களே என்று நினைத்தால் எனக்கு இப்போதும் கண் கலங்கும்.

கேள்வி: மகன் ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறான், ஏதாவது சொல்லுங்களேன். (ஈரோடு வாசகர்)

பதில்: பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு. விசாவுக்குப் பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மாதாமாதம் குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், ஓராண்டுச் செலவுக்கான பணம் காட்ட வேண்டும், 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. பாடம் ஆங்கிலத்தில்தானே என்று மொழியை விட்டுவிட வேண்டாம், வீட்டுக்காரரும் மருந்துக்கடைக்காரரும் ஜெர்மன்தான் பேசுவார்கள், அதனால் இங்கேயே படிக்க ஆரம்பிக்கட்டும். குளிருக்குப் போடும் கோட்டு மட்டும் அங்கே போய் வாங்கச் சொல்லுங்கள்.