ஆறு பாய் அறையும் ரெண்டாவது சாவியும்

தம்பி, அனுப்பானடியில இருந்து அடுத்த மாசம் டோக்கியோ கிளம்புறதா எழுதியிருந்தீங்க. ஆறு பாய் அளவு அறை (அங்க அறையைப் பாய்க் கணக்குலதான் சொல்வாங்க), அதுக்கு ஸ்மார்ட் பல்பு, பிளக், கேமரா, கதவுப் பூட்டு எல்லாம் மதுரையிலேயே வாங்கிட்டுப் போகலாமா, பேசினா பதில் சொல்ற ஸ்பீக்கர்ல எது நல்லதுன்னு கேட்டிருந்தீங்க. டோக்கியோல இருந்து லீவுக்கு வந்து வில்லாபுரத்துல அம்மா வீட்டுல உக்காந்துதான் இதை எழுதுறேன். பூட்டுன்னு பார்த்ததும் சும்மா இருக்க முடியல.

இங்க எதையும் வாங்காதீங்க. நம்ம கரண்டு 230 வோல்ட், அங்க 100. நம்ம உருண்டை முள்ளு அவங்க தட்டை ஓட்டையில நுழையாது. அது போக வைஃபை, புளூடூத் சாமான் எதுவானாலும் அந்த நாட்டு முத்திரை வேணும், ‘கிதேகி’ம்பாங்க. நான் டவுன்ஹால் ரோட்டுல வாங்கிட்டுப் போன நாலு பிளக்கும் போன சூட்கேஸ்லயே திரும்பி வந்து அம்மா பீரோவுல கிடக்கு.

இப்ப பூட்டு. வாடகை வீட்டுக் கதவுல ஓட்டை போடக்கூடாது, காலி பண்ணும்போது இருந்தபடியே ஒப்படைக்கணும். அதனால அங்க பெரும்பாலும் விக்கிறது, கதவுக்கு உள்பக்கம் பூட்டைத் திருகுற குமிழ் மேல டபுள் சைடு டேப்புல ஒட்டுற ஒரு சின்ன மோட்டார். போன்ல தட்டினா அது குமிழைத் திருகும். வெளியில இருந்து பார்த்தா பழைய சாவித் துவாரம் அப்படியே இருக்கும்.

2018 ஜனவரி. நான் போய் ரெண்டாவது மாசம். எரிக்கக்கூடிய குப்பையை எடுக்க வர்ற நாள், காலை ஏழு மணி. பையைக் கீழ வச்சுட்டு வந்துரலாம்னு பனியன், கைலியோட ரப்பர் செருப்புல இறங்கிட்டேன். போன் சார்ஜ்ல, சாவி மேசை மேல. திரும்ப மாடி ஏறி வர்றேன், கதவுக்கு அந்தப் பக்கம் ‘ர்ர்ர்’னு மோட்டார் திரும்புற சத்தம். மூணு நிமிஷத்துல தானா பூட்டிக்கணும்னு நான்தான் செட் பண்ணியிருந்தேன். இரும்புக் கதவுல கை வச்சா ஐஸ் மாதிரி இருக்கு. ஜப்பான் பாஷையில பத்து வார்த்தை தெரியும். எந்த வீட்டு மணியை அடிக்கிறதுன்னு தெரியல. கடைசியில கீழ்வீட்டுப் பாட்டி கதவைத் திறந்து, ஒரு பார்வை பார்த்துட்டு, கம்பளியை எடுத்துத் தோள்ல போட்டு, வீட்டை நிர்வாகம் பண்ற ஆபீசுக்குப் போன் பண்ணாங்க. ஆள் வர ரெண்டரை மணி நேரம். செலவு 15,000 யென். அந்தக் கம்பளியோட கற்பூர வாசம் இன்னும் மூக்குல இருக்கு.

வில்லாபுரத்துல அம்மா சாவி சணல் கயித்துல கட்டி, பக்கத்து வீட்டு அக்கா மீட்டர் பெட்டிக்குப் பின்னாடி ஆணியில தொங்கும். நாப்பது வருஷமா அதே ஆணி. நான் அதைவிட்டுட்டுத்தான் போனேன்னு அந்தப் படிக்கட்டுல நிக்கும்போதுதான் உறைச்சது.

நம்ம ஆளுங்க மேல எனக்கு வருத்தம் இருக்கு. பத்து வருஷம் இருந்தும் பக்கத்து வீட்டுக்காரர் பேர் தெரியாது. நாலு பேர் சேர்ந்து இருக்கிற வீட்டுல வந்த மறுநாளே கேமரா மாட்டுவாங்க, கூட இருக்கிறவனைக் கேக்க மாட்டாங்க. இது தப்பு தம்பி, நீங்க செய்யாதீங்க. குடிவந்தா அக்கம்பக்கத்துக்குச் சின்னதா ஒரு பொருள் குடுத்துப் பேர் சொல்லி வணங்குறது அவங்க பழைய வழக்கம். இப்பத் தனியா இருக்கிற இளசுகள் செய்றதில்ல. அடுத்த வீட்டுக்கு மாறினப்ப நான் செஞ்சேன், சுங்குடித் துணி குடுத்து. அதை மேசை விரிப்பாப் போட்டு வச்சிருக்காங்க.

2022ல இடிக்கிறதுக்கு முன்னாடி டோக்கியோல கின்சா பக்கம், சின்னச் சின்ன அறைப் பெட்டிகளை அடுக்கிக் கட்டின நகாகின் கேப்சூல் கட்டடத்தைப் போய்ப் பார்த்தேன். 1972ல குரோகவாங்கிற கட்டடக் கலைஞர் வடிவமைச்சுக் கட்டினது, 140 பெட்டி, ஒவ்வொன்னும் சுமார் 10 சதுர மீட்டர், உங்க அறை அளவுதான். டிவி, கடிகாரம், போன் எல்லாம் சுவரோட பதிச்சது. அந்த டிவி எப்பவோ பழசாப் போச்சு, சுவர் நின்னுச்சு. அதனாலதான் சொல்றேன், சின்ன அறையில கழட்டி எடுத்துட்டுப் போற மாதிரி ஒன்னு ரெண்டு போதும். ஏசி ரிமோட்டைப் போன்ல கொண்டுவர்ற சின்னப் பெட்டி ஒன்னு, ஈரப்பதம் காட்டுற மீட்டர் ஒன்னு. குளிர்காலத்துல ஜன்னல்ல தண்ணி கோத்துப் பூஞ்சை பிடிக்கும், அதுக்கு மீட்டர் உதவும். வீட்டுக்கு இன்டர்நெட் இழுக்கவே சில வாரம் ஆகலாம், அதுவரைக்கும் மத்ததெல்லாம் சும்மாதான் கிடக்கும். பூட்டு வாங்கியே தீருவேன்னா நம்பர் அமுக்குற கீபேடோட வாங்குங்க, தானா பூட்டுறதை அணைச்சு வைங்க, பேட்டரி எச்சரிக்கை வந்த அன்னைக்கே மாத்துங்க. ஸ்பீக்கர் எதுவா இருந்தாலும் சரி.

சாவி பெரும்பாலும் ரெண்டு குடுப்பாங்க. ரெண்டாவதைக் குடுத்துவைக்க ஆள் இல்லைன்னா என்கிட்டக் குடுங்க. நிஷிகசாய் ஸ்டேஷன்ல இருந்து எட்டு நிமிஷ நடை.